பாயும் காளையைப் பிடிக்க எந்த லென்சு?

வாடி திறக்கிறது. காளை புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வருகிறது. இரண்டு பக்கமும் ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள். தடுப்பின் மேல் தொற்றிக்கொண்டு நிற்கும் இளைஞன் காமிராவைத் தூக்குகிறான். 'கிளிக்!'

வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்க்கிறான். தெரு தெளிவாக இருக்கிறது. தோரணம் தெளிவாக இருக்கிறது. எதிர்ச் சாரியில் நின்ற தாத்தாவின் மீசைகூடத் தெளிவாக இருக்கிறது. காளை மட்டும் பஞ்சுப் பொதிபோல் மங்கிக் கிடக்கிறது!

பழைய வட ஆற்காட்டுப் பக்கத்தில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், பொங்கல் பிறந்தால் எருது விடும் திருவிழா களை கட்டும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு வேறு, இது வேறு. இங்கே மாட்டை யாரும் அணைவதில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த நேரத்தில் கடக்கிறதோ, அதற்குப் பரிசு.

2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு இந்த விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர்கள் திரண்டார்கள். சட்டசபையில் புதுச் சட்டம் வந்தது. 2023 மே 18-ந் தேதி அந்தச் சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. காளைகள் ஓடுகின்றன. அவற்றைப் படம் பிடிக்கும் பையன்களும் கூடவே ஓடுகிறார்கள்.

மாட்டுக்காரருக்குத் தம் காளையின் படம் வேண்டும். ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குக் கலியாண சீசன் இல்லாத நாளில் நாலு காசு வேண்டும். ஷூ கம்பெனியில் வேலை செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காமிரா தூக்கும் பையனுக்கோ அது ஒரு கனவு. இவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். கையில் இருக்கும் பணத்தில் எந்த லென்சு வாங்குவது? வட்டிக்குக் கடன் வாங்கித் தவறான லென்சை வாங்கிவிட்டால், வட்டி மட்டும்தான் ஓடும்.

முக்கால் சாண் கணக்கு

படம் ஏன் மங்குகிறது?

ஒரு காளை 100 மீட்டரை 10 வினாடியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 10 மீட்டர். காமிராவின் ஷட்டர் வினாடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் காளை ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முக்கால் சாண்! மங்காமல் என்ன செய்யும்? ஷட்டர் 1,000-ல் ஒரு பங்கு மட்டும் திறந்தால், காளை ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். கொம்பு கொம்பாகத் தெரியும்.

ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் போதிய வெளிச்சம் உள்ளே போக வேண்டும். அங்கேதான் லென்சின் வாய் வேலை செய்கிறது. லென்சின் மேல் 'எப் 1.8', 'எப் 5.6' என்று எழுதியிருக்கும். இது கொஞ்சம் தலைகீழான கணக்கு. சின்ன எண் என்றால் பெரிய வாய். எப் 5.6 லென்சைவிட எப் 1.8 லென்சு கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வாய் பெரிதானால் விலையும் பெரிது என்பது பொது விதி. அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது பின்னால் வருகிறது.

வெயில் இனாம்

வேலூர் வெயிலைத் திட்டாதவர் கிடையாது. காமிராக்காரர் மட்டும் அதைத் திட்டக் கூடாது! எருது விடும் விழா பட்டப்பகலில் நடக்கிறது. அந்த வெயிலில், ஐ.எஸ்.ஓ. 400 வைத்து, எப் 5.6 லென்சிலேயே ஷட்டரை 2,000-ல் ஒரு பங்குக்குக் கொண்டுபோகலாம். லட்ச ரூபாய் லென்சு எதற்கு?

இங்கே தேவை பெரிய வாய் அல்ல, நீளம். 55-250 மி.மீ., 70-300 மி.மீ. என்று வரும் சாதாரண ஜூம் லென்சுகள் போதும். செகண்ட்ஹாண்டில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.

நீளம் ஏன் வேண்டும்? இது உயிர்ச் சங்கதி. காமிராவோடு சேர்ந்து வரும் லென்சு பெரும்பாலும் 55 மி.மீட்டரோடு நின்றுவிடும். 250 மி.மீ. லென்சு இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் வரும் காளை படம் நிறைய விழும். அதே அளவு படத்தை 55 மி.மீ. லென்சில் பிடிக்க வேண்டுமானால், 11 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். காளைக்கு அது ஒரு வினாடி ஓட்டம். கண்ணைக் காமிராவில் வைத்திருப்பவன் அந்த ஒரு வினாடியில் எங்கே ஓடுவான்? மாடு முட்டி வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செத்த செய்தி பத்திரிகையில் வருவது புதிது அல்ல. தடுப்பு கட்டியிருப்பது அதற்குத்தான். தடுப்புக்கு உள்ளே குதித்துப் படம் எடுப்பது வீரம் அல்ல, நீளமான லென்சு இல்லாத குறை.

சத்துவாச்சாரியில் வேறு கதை

பகல் வெளிச்சத்தில் ஜெயித்த லென்சு, கூரைக்குக் கீழே போனால் தோற்றுவிடும்.

வேலூரை அடுத்த சத்துவாச்சாரி பளு தூக்குவோரின் ஊர். அந்த ஊர்ப் பிள்ளை சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப் பிரிவில், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் ஆஸ்திரேலியாவில் மறுபடியும் தங்கம். இப்படிப்பட்ட பயிற்சிக் கூடங்களில் ட்யூப் லைட் வெளிச்சம்தான் இருக்கும். எப் 5.6 லென்சில், ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தாலும் ஷட்டர் 100-ல் ஒரு பங்குக்கு மேல் ஏறுவது கஷ்டம். கம்பி மேலே போகும்போது கையும் கம்பியும் கலங்கிவிடும்.

விலக்கு என்று சொன்னது இங்கேதான் வருகிறது. 50 மி.மீ., எப் 1.8 லென்சு. ஜூம் கிடையாது. உருவமும் சிறியது. ஆனால் கேனன், நிக்கான் கம்பெனிகளின் லென்சுகளில் மிக மலிவான வரிசையில் இதுவும் ஒன்று. புதிதே பத்தாயிரம் ரூபாய் சுமாரில் கிடைக்கும். இதைப் போட்டால் அதே கூடத்தில் ஷட்டர் 1,000-ல் ஒரு பங்கு வரை போகும். ஜூம் இல்லாத குறைக்குக் கால் இருக்கிறது. இரண்டடி முன்னே நடந்துகொள்ள வேண்டியதுதான்.

அதுவும் வாங்க முடியாதவருக்கு ஒரு வழி உண்டு. பளு தூக்குபவர் கம்பியைத் தலைக்கு மேலே ஏற்றியபின், நடுவர் இறக்கச் சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த ஒன்றிரண்டு வினாடியில் எந்த லென்சாலும் படம் எடுக்கலாம். புடைத்த நரம்பும், கண்ணும், வேர்வையும் அப்போதுதான் முகத்தில் தெரியும். கபடிக்கு இந்தச் சலுகை இல்லை. ராத்திரி விளக்கில் கபடி எடுப்பவருக்கு 50 அல்லது 85 மி.மீ., எப் 1.8 லென்சே கதி.

விலை ஏன் இறங்கியது?

இப்போது பழைய லென்சு மலிந்திருப்பதற்குக் காரணம் ஜப்பானில் இருக்கிறது.

இத்தனை வருஷமாகப் பெரிய காமிராக்களின் வயிற்றில் ஒரு கண்ணாடி இருந்தது. அவற்றுக்கு டி.எஸ்.எல்.ஆர். என்று பேர். 2018-ல் நிக்கானும் கேனனும் அந்தக் கண்ணாடி இல்லாத 'மிர்ரர்லெஸ்' காமிராக்களில் பெரிய வகையைக் கொண்டுவந்தன. அதற்கு முன்பே சோனி இறங்கியிருந்தது. 2020-ல் அசோசியேட்டட் பிரஸ் என்ற உலகச் செய்தி நிறுவனம் தன் நிருபர்களுக்குச் சோனி காமிரா கொடுப்பதாக அறிவித்தது. 2021 கடைசியில் கேனன் கம்பெனித் தலைவரே, தங்கள் உயர்ந்த ரக டி.எஸ்.எல்.ஆர். வரிசைக்கு இனிப் புது மாடல் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பணக்காரர்கள் புதுசுக்கு மாறினார்கள். பழசு சந்தைக்கு வந்தது. புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும் 70-200 மி.மீ., எப் 2.8 லென்சின் பழைய மாடல்கள்கூட, கூட்டாகப் பணம் போடும் நாலு நண்பர்களுக்கு எட்டும் விலைக்கு இறங்கிவிட்டன. லென்சு வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு. டாலர் ஏறினால் புதுசின் விலை ஏறும். பழசுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. கடையில் விலை பேசுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய வில்லங்கங்கள் சில உண்டு. நிக்கான் டி3500, டி5600 போன்ற காமிராக்களின் உள்ளே மோட்டார் கிடையாது. 'ஏ.எப்.-டி' என்று எழுதிய பழைய லென்சை அதில் மாட்டினால், தானாகக் குறி பார்க்காது. கையால் திருக வேண்டும். பாயும் காளைக்கு அது உதவாது. 'ஏ.எப்.-பி' என்ற புதிய வகையோ டி90, டி3100 போன்ற பழைய காமிராவில் வேலையே செய்யாது. பிலிம் காலத்தில் கேனனுக்காகச் சிக்மா செய்த சில லென்சுகள், டிஜிட்டல் காமிராவில் மாட்டியதும் அடம் பிடிக்கும். ஆகையால் தன் காமிராவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடை வாசலில் நின்று, ஓடுகிற ஆட்டோவையும் பஸ்ஸையும் ஐம்பது படம் எடுத்துப் பார்த்தபிறகுதான் பணத்தை எண்ண வேண்டும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

மலிவான லென்சு என்று வெட்கப்படத் தேவையில்லை. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) காட்டு யானைகளைப் படம் எடுத்துப் பேர் வாங்கியவர். அவருடைய காமிரா கடையில் வாங்கியதே அல்ல. ஒரு காமிராவின் உடல், வேறொன்றின் லென்சு என்று சேர்த்து ஒட்டுப் போட்டது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்திருந்தார். அதைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

ஷூ பெட்டிப் பொட்டலம்

பழைய லென்சின் பெரிய எதிரி பூஞ்சை. செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறு பக்கம் பார்த்தால் சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரியும். தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு பூஞ்சை வராமல் இருக்க, ஆம்பூர்க்காரருக்கு வெளியே தேடவேண்டிய மருந்து இல்லை. ஷூ பெட்டிக்குள் போடுகிறார்களே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம், அந்த சிலிக்கா ஜெல்தான். காற்றுப் புகாத டப்பாவில் லென்சை வைத்து, நாலைந்து புதுப் பொட்டலம் போட்டு மூடினால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிவிடலாம். பல மாதம் திறந்து கிடந்த பொட்டலம் ஈரம் குடித்துத் தீர்ந்திருக்கும். அதைப் போட்டுப் பயன் இல்லை. திருவிழாப் புழுதியில் மட்டும் லென்சைக் கழற்றி மாற்றக் கூடாது. காலையில் எதை மாட்டினானோ, கடைசி மாடு ஓடி முடியும்வரை அதுவே இருக்கட்டும்.