முட்டி வலிக்கு மூலையில் உட்காருவதா மருந்து?

தேவாலா பக்கம் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால், பேச்சு எப்படியும் முட்டி வலியில் வந்து நிற்கும். "ஏறும்போதுகூடத் தெரியலீங்க, இறங்கும்போதுதான் உயிர் போகுது!" இது அங்கே அடிக்கடி கேட்கிற புலம்பல்.

1880 வாக்கில் தங்கம் கிடைக்கும் என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்து தோண்டிப் பார்த்த ஊர் தேவாலா. தங்கக் கனவு கலைந்தது. தேயிலை நிலைத்தது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. 1976-ல் அது டான்டீ கழகம் ஆனது. அன்று இளம்பெண்களாக வந்து கூடை சுமந்தவர்கள் இன்று பாட்டிகள். மகளும் மருமகளும் இப்போது அதே மாதிரிச் சரிவில் நிற்கிறார்கள். முட்டி முடங்கினால் பேர் விழாது; பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அதனால்தான் இதை வெறும் வயசுக் கோளாறு என்று தள்ளிவிட முடியவில்லை.

இவர்களுக்குக் கிடைக்கிற புத்திமதி இரண்டே வகை. ஒன்று, "எலும்பு தேஞ்சு போச்சு, நடக்காதே, பேசாம உட்காரு." இன்னொன்று, "தினமும் வாக்கிங் போம்மா!" நாள் பூரா மலை ஏறி இறங்கியவளை வாக்கிங் போகச் சொல்வது கேலி அல்லாமல் வேறென்ன?

உட்காரச் சொல்வதும் தப்புதான். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீர் போய் வருகிற மாதிரி, மூட்டு அசையும்போதுதான் அங்குள்ள திரவத்திலிருந்து அதற்குச் சத்து போகிறது. முட்டியின் பாரத்தைத் தாங்கிக் கொள்வது தொடைச் சதை. மாதக் கணக்கில் உட்கார்ந்தால் அந்தச் சதை இளைத்துப் போகும், முட்டிக்கு அடி கூடும், வலியும் கூடும். இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதலில், மூட்டுத் தேய்மானக்காரர்கள் எல்லோருக்கும் உடற்பயிற்சி கற்றுக் கொடுக்கச் சொல்கிறது. முட்டிக்கு முதல் மருந்து பூசுகிற களிம்புதான், மாத்திரை அதற்குப் பிறகு.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பாரத்தோடு ஒரே கோணத்தில் எட்டு மணி நேரம் நிற்பது உழைப்பு. தொடைச் சதையை மட்டும் குறி பார்த்து வலுவாக்குவது பயிற்சி. அதற்குக் காசு பணம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முடிந்த அளவு. ஆரம்பத்தில் கொஞ்சம் வலிக்கும். பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி தணியாமல் வீங்கினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

கம்பு ஊன்றுகிறவர்கள் பெரும்பாலும் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். வலது முட்டி வலித்தால் கம்பு இடது கையில் இருக்க வேண்டும்! படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

தேவாலாவைப் பார்த்திராத கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் இதே முட்டிதான். ஒருவர் நின்றே தேய்க்கிறார், மற்றவர் உட்கார்ந்தே துருப்பிடிக்க விடுகிறார். உடம்பில் 1 கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு 4 கிலோ பாரம் குறையும் என்று 2005-ல் வந்த அமெரிக்க ஆய்வு கணக்குச் சொன்னது. கல்லாவில் உட்கார்ந்து வடை சாப்பிடும்போது நினைவிருக்கட்டும்!

மழைக்கும் வலிக்கும் சம்பந்தம் உண்டா? தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டிலேயே அதிகம் நனைகிற ஊர்களில் தேவாலா ஒன்று. அங்கே போய் இல்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. ஆனால் மழையில் வீட்டுக்குள் முடங்கினால் மூட்டு இறுகும் என்பது நிச்சயம். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். கொடுக்கலாம்.

பயப்பட வேண்டியது பொட்டல மாத்திரைக்குத்தான். பேர் தெரியாத நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். சாயங்காலமே வலி பறந்து போகிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். வெறும் வலி மாத்திரையே தினசரி ஆனால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. மாதக் கணக்கில் தின்றவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

எல்லா மூட்டு வலியும் தேய்மானமும் அல்ல. காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லை, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். சில வாரங்களுக்குள் மருத்துவமனைக்குப் போனால் மூட்டு கோணாமல் காப்பாற்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து கொதித்தால் அன்றைக்கே போக வேண்டும்.

போவது எங்கே? கூடலூரோ பந்தலூரோ போக ஒரு நாள் சம்பளம் போகும். ஊட்டி என்றால் கேட்கவே வேண்டாம். நோயாளியை மலை ஏற்றி இறக்குவதற்குப் பதில், பயிற்சி சொல்லித் தருகிறவர் தேவாலாவுக்கு வரட்டும். டென்மார்க்கில் 2013-ல் இப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். வாரம் இரண்டு நாள், ஆறு வாரம், மொத்தம் 12 வகுப்பு. பெரிய மிஷின் ஒன்றும் தேவைப்படவில்லை. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே இயன்முறைச் சிகிச்சையை அனுப்பிய மாநிலத்துக்கு இது பெரிய காரியமா?

தோட்ட நிர்வாகங்களுக்கும் பங்கு உண்டு. காலையில் பெரட்டுக்குக் கூடும்போதே பத்து நிமிஷம் சம்பள நேரமாக ஒதுக்கலாம். எடை போடும் இடத்தைச் சரிவுக்குப் பக்கத்தில் வைத்தால் பாரத்தோடு நடக்கிற தூரம் குறையும். வலி முற்றியவர்களுக்குச் செங்குத்துச் சரிவை விட்டுச் சமதளத்தில் நிரை கொடுக்கலாம்.

ஜூன் மழைக்கு முன்னால் ஒரு அறையும் இருபது நாற்காலியும் தயார் செய்ய முடியாதா? மாவட்ட சுகாதார அதிகாரிகளும் தோட்ட மேலாளர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசட்டும்.