மானியமும் மானமும்

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், பைதன் மென்பொருள் மன்றம் என்னும் சிறு நிறுவனம், அமெரிக்க அரசிடமிருந்து தனக்குக் கிடைக்கவிருந்த 15 இலட்சம் டொலரை வேண்டாமென்று அறிவித்தது. கைக்கெட்டிய பணத்தை மறுப்பவன் ஒன்றில் ஞானியாக இருத்தல் வேண்டும், அன்றேல் பித்தனாக இருத்தல் வேண்டும் என்பது உலகத்தார் எண்ணம். பைதன் மன்றத்தார் ஞானியருமல்லர், பித்தருமல்லர். கணக்குத் தெரிந்தவர்கள், கணினிக்கே கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள். ஆயினும் மறுத்தனர். மறுத்ததும், தொழினுட்பத்துள் அரசியலைப் புகுத்திவிட்டனர் என்ற கூக்குரல் எழுந்தது. அக்கூக்குரலின் உட்பொருள் யாதென ஆராய்வது முற்போக்காளர் கடனாகும்.

பைதன் என்பது கணினிக்குக் கட்டளை எழுதுவதற்கான நிரல் மொழிகளுள் ஒன்று. ஒல்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரொசம், ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணிபுரிந்த காலத்தில், 1989 டிசெம்பரில் இதனை ஆக்கத் தொடங்கினார். 1991 இல் உலகுக்கு வழங்கினார். அன்றுதொட்டு இதன் மூலநிரல், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு அளிக்கவும் கூடியதாகத் திறந்தே இருக்கின்றது. விலை இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் ஊதியமின்றி, தம் இரவுகளையும் விடுமுறைகளையும் ஈந்து இதனை வளர்த்தனர். 2018 இல் வான் ரொசம் தலைமையிலிருந்து விலகினார். மறு ஆண்டு தொடக்கம், மொழியை ஆக்குவோர் தாமே தெரிவுசெய்யும் ஐவர் சபை அதனை நெறிப்படுத்தி வருகின்றது. இலங்கையிலே உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் நம் மாணவரும் இம்மொழியிலேயே நிரல் எழுதப் பழகுகின்றனர். ஆகவே, இது யாரோ தூரதேசத்தார் வீட்டுப் பிணக்கு என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

இம்மொழியைக் காக்கும் பொறுப்பினை ஏற்று 2001 இல் தோன்றியதே மேற்கூறிய மன்றம். இலாபநோக்கற்றது. பணியாளர் ஏறத்தாழ 14 பேர். ஆண்டு வரவுசெலவு ஏறத்தாழ 50 இலட்சம் டொலர். இதன் பராமரிப்பிலே பொதுக் களஞ்சியம் ஒன்றுண்டு. உலகெங்குமுள்ளோர் தாம் எழுதிய நிரற்பொதிகளை அங்கே வைப்பர். வேண்டியோர் எடுத்துப் பயன்படுத்துவர். எவரும் வைக்கலாம் என்ற தாராளமே அதன் பலம், பலவீனமும் அதுவே. பெயர்பெற்ற பொதியொன்றின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி, நச்சு நிரலை அங்கே இட்டுச் செல்லும் கயவர் உளர். 2024 மார்ச்சில் இத்தகைய தாக்குதலொன்றினாற் புதியோர் பதிவைச் சில மணிநேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. நஞ்சு நுழைந்தபின் தேடி அகற்றுவதை விட, வாயிலிலேயே ஒவ்வொரு பொதியையும் தானாகச் சோதிக்கும் கருவியை ஆக்குவது நன்றென மன்றத்தார் கருதினர். அதன்பொருட்டு 2025 ஜனவரியில், அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான மன்றத்திடம், இரண்டாண்டுகளுக்கு 15 இலட்சம் டொலர் வேண்டி விண்ணப்பித்தனர். விண்ணப்பம் பரிந்துரைக்கவும் பட்டது.

பரிந்துரையோடு நிபந்தனையும் வந்தது. பன்மை, ஒப்புரவு, அரவணைப்பு ஆகியவற்றை வளர்க்கும் திட்டங்களைப் பாரபட்ச ஒழிப்புச் சட்டங்களுக்கு மாறாக நடத்துவதில்லை எனப் பைதன் மன்றம் உறுதிகூறுதல் வேண்டும். இவ்வுறுதி பாதுகாப்புக் கருவியை ஆக்கும் வேலைக்கு மட்டும் உரியதன்று. மன்றத்தின் செயல்கள் யாவற்றையும் கட்டுப்படுத்துவது. மீறியதாகக் கருதப்படின், ஏற்கெனவே தந்து செலவழிந்த பணத்தையும் அரசு திருப்பிக் கேட்கலாம். இதனைக் கண்ட பணிப்பாளர் சபை ஒருமனதாக விண்ணப்பத்தை மீளப்பெற்றது.

“சட்டத்துக்கு மாறாக என்றுதானே நிபந்தனை கூறுகின்றது? சட்டத்துக்கு அமைந்து நடப்பவர் அஞ்சுவானேன்?” என்று சில நண்பர்கள் வினவுகின்றனர். வினா எளிமையானது; வினவுவோர் எளிமையை நாம் ஐயுறவில்லை. ஆனால், சட்டத்துக்கு மாறானது எது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? 2025 ஜனவரி 21 இல், பதவியேற்ற மறுநாளே, ஜனாதிபதி ட்ரம்ப் கைச்சாத்திட்ட ஆணை இத்தகைய உறுதிமொழியை மானியம் பெறுவோர் யாவரிடமும் கோரிற்று. அவ்வாணையின் நோக்கு யாது? பெண்களையும் கறுப்பின மக்களையும் ஒதுக்கப்பட்ட ஏனையோரையும் முன்னே கொணரும் முயற்சிகளையே பாரபட்சமெனக் காட்டுவது அது. மருந்தை நோயென்று பெயரிட்டு வழங்கும் வைத்தியனிடம், நோயை வளர்க்கமாட்டேன் எனக் கையொப்பமிட்டுக் கொடுப்பவன், நாளை மருந்துண்ணவும் அவனிடமே அனுமதி கேட்டு நிற்பான். சொல் ஒன்று, அதற்குப் பொருள் கூறும் அதிகாரமும் பணப்பையும் ஒரே கையில். ஐம்பது இலட்சம் டொலரில் வாழும் நிறுவனம், செலவழிந்த பதினைந்து இலட்சத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்ஙனம்? இது மானியமன்று; கழுத்திலே கட்டும் கயிறு.

இனி, தொழினுட்பம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்போரை நோக்குவோம். கலை கலைக்காகவே என்று ஓதியவர்களை நமது வாசகர் நன்கறிவர். அதே பழைய சரக்கு, இன்று நிரல் நிரலுக்காகவே என்ற புதிய முத்திரையோடு சந்தைக்கு வந்திருக்கின்றது. நிபந்தனை விதித்த அரசு அரசியல் செய்யவில்லையாம். நிபந்தனையை ஏற்காதவர்கள் மட்டும் அரசியல் செய்தனராம்! இந்த நியாயத்தின் விசித்திரத்தை என்னென்பது? பன்மையும் சர்வதேசத் தன்மையும் வாய்ந்த சமூகமொன்றை வளர்ப்பது பைதன் மன்றத்தின் குறிக்கோள்களுள் ஒன்றென அதன் நோக்கக் கூற்றிலேயே எழுதப்பட்டுள்ளது. அதனைக் கைவிட்டுப் பணம் பெறுதல் நடுநிலைமையன்று. தன் பெயரையே விற்றலாகும்.

அன்றியும், பன்மை என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று என்பதற்கு இச்சமூகத்தின் வரலாறே சான்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் பைதன் மாநாட்டில், 2011 இல் உரையாற்றியோருட் பெண்கள் நூற்றுக்கு ஒருவர். 2016 இல் நூற்றுக்கு நாற்பதின்மர். ஐந்தாண்டுகளிற் பெண்களின் மூளை வளர்ந்துவிட்டதோ? இல்லை. மூடியிருந்த கதவு திறக்கப்பட்டது. பெண்களைத் தேடிச் சென்று, உரையாற்ற முன்வருமாறு அழைத்தனர். பைதன் பயிலும் பெண்களுக்கெனப் பைலேடிஸ் என்னும் அமைப்பு 2011 இல் தோன்றியது. தகுதிக்கே முதலிடம் என்று முழங்குவோர், அந்த முப்பத்தொன்பது பேரின் தகுதி அதுகாறும் எங்கே கிடந்தது என்பதற்கு விடை கூறுவார்களாக.

இங்கே கனமான மறுப்பொன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. களஞ்சியத்தின் பாதுகாப்பு சகலருக்கும் உரியது. நச்சு நிரலாற் பெருங்கம்பனி தன் காவலர் படையைக் கொண்டு தப்பும். ஏழை நாட்டு மாணவனும் சிற்றூர் வைத்தியசாலையும் தப்புமோ? கொள்கையின் பெயரால் மறுத்த பணத்தின் விலையை எளியவர் அல்லவா செலுத்துவர்? இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். மறுப்பு இலவசமானதன்று. பணமின்மையால் 2025 ஆகஸ்டிலேயே மன்றம், பல நாடுகளிலும் பயிலரங்குகளுக்கு உதவும் தன் கொடைத் திட்டத்தை இடைநிறுத்தியிருந்தது. அந்நிலையில் நின்றே அது மறுத்தது என்பதை நாம் மறத்தலாகாது. வயிறு நிறைந்தவன் விரதமிருத்தல் வேறு. பசித்தவன் நஞ்சு கலந்த சோற்றைத் தள்ளுதல் வேறு.

ஆயின், எளியவருக்காக இரங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று. இத்தனை முக்கியமான களஞ்சியத்தைக் காக்கும் நிறுவனம் ஏன் இத்தனை வறுமையில் இருக்கின்றது? இன்றைய செயற்கை நுண்ணறிவுத் தொழிலின் பெரும்பகுதி பைதன் மொழியில் எழுதப்பட்ட கருவிகளின் மேலே நிற்கின்றது. கூகிளும் மைக்ரோசொப்டும் மெட்டாவும் நாள்தோறும் இம்மொழியைப் பயன்படுத்துகின்றன. இவற்றின் செல்வம் இலட்சம் கோடி டொலர் கணக்கிலே மதிக்கப்படுகின்றது. பெருங்கம்பனிகள் நன்கொடை அளிப்பதில்லையென நாம் கூறவில்லை, அளிக்கின்றன. ஆனால், நன்கொடை கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது. இன்று வரும், நாளை நிற்கும். ஊதியமற்ற உழைப்பிலிருந்து இலாபம் பெறுவோன் தருவது கொடையன்று, கடன் என்ற நியதி நிலைபெறும்வரை, இத்தகைய மன்றங்கள் கையேந்தியே நிற்கும். கையேந்துவோரிடம் நிபந்தனை விதித்தல் எவர்க்கும் எளிது.

பொதுமக்கள் வரிப்பணம் பொதுச்சொத்தைக் காக்கச் செலவிடப்படுதல் முறையே. ஜேர்மனிய அரசு 2022 இல் திறந்த மூல மென்பொருளின் அடித்தளங்களைப் பேணுவதற்கெனத் தனி நிதியம் ஒன்றை நிறுவியது. அரசு நிதியே தீதென்பது நம் வாதமன்று. அரசு நிதி ஆள்வோரின் வெறுப்பைப் பரப்பும் வாகனமாதல் தீது என்பதே நம் வாதம்.

நம் அணியிலேயே சிலர், “இது அமெரிக்க மிதவாதிகளின் பிணக்கு, வர்க்கப் போராட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்கின்றனர். உழைப்பவர் யார், உழைப்பின் பயனை நுகர்பவர் யார், உழைக்கும் களத்தினுள் நுழைய எவர்க்கு அனுமதி என்பன வர்க்கப் பிரச்சினைகள் இல்லையாயின், வேறெவைதாம் வர்க்கப் பிரச்சினைகள்? வாயிலிலே தடுக்கப்படுபவன் எப்போதும் வறியவன்; ஒடுக்கப்பட்டவன். சாதியின் பெயராற் பள்ளிக்கூட வாயில்கள் மூடப்பட்டிருந்த நாட்டிலே வாழும் நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

மன்றத்தின் முடிவு வெளியானதும், பல தேசங்களிலிருந்தும் சாதாரண நிரலாளர் சிறு சிறு தொகைகளை அனுப்பினர், அங்கத்தவராகச் சேர்ந்தனர். அச்சிறுதொகைகள் இழந்த பணத்தை ஈடுசெய்யப் போதா. எனினும், மறுத்தவர்கள் தனித்து நிற்கவில்லை என்பதை அவை காட்டின.

ஆசிரிய நண்பர்களே! நாளை வகுப்பறையிலே பைதன் மொழியின் முதற்பாடத்தைக் கற்பிக்கும்போது, அதன் இலக்கணத்தை மட்டும் கற்பித்து அமையாதீர். இது எவருடைய உழைப்பு, எவருக்கும் சொந்தமாகாமல் எல்லோர்க்கும் சொந்தமானது எவ்வாறு, இதனைக் காப்போர் ஒரு நாள் எதனை மறுத்தனர், ஏன் மறுத்தனர் என்பனவற்றையும் சொல்லுங்கள். மாணவ நண்பர்களே! எடுத்துப் பயன்படுத்துவோராக மட்டும் நில்லாது, பிழை திருத்துவோராகவும் தமிழில் விளக்கம் எழுதுவோராகவும் அக்களத்தினுள் நுழையுங்கள். உங்களுக்காகவும் திறந்து வைக்கப்பட்ட கதவு அது. அதனை மூடச்சொல்லித் தரவிருந்த காசையே அவர்கள் வேண்டாமென மறுத்தார்கள்.