கொடிக்கு வரியில்லை, குழந்தைக்கு?



நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே ஒரு காட்சியோடு தொடங்குகிறேன், பொறுத்தருள்க!

புதுவை காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. திருபுவனையிலிருந்து பேருந்தேறி வந்திருக்கிறாள் ஒரு தாய். அவள் கையைப் பற்றியபடி ஐந்து வயது மகள். சிறுமியின் கண்ணோ, கயிற்றில் ஆடும் ஒரு மஞ்சள் கவுன்மீது!

“என்ன விலை, அண்ணே?”

“நானூறு, அம்மா.”

“சாண் துணிக்கு நானூறா?”

“துணி சாண்தான், தாயே! ஆனால் கழுத்து, கை, பித்தான் எல்லாம் பெரியவர் சட்டைக்கு உள்ளதுபோல் இதற்கும் உண்டே! துணி குறையும்; தையற்கூலி குறையுமா?”

தாய் சிந்திக்கிறாள். மஞ்சள் கவுனை விட்டுவிட்டு, இரண்டு அளவு பெரிதான வேறொன்றை எடுக்கிறாள். “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்கிறாள். அணிந்து பார்க்கிறது குழந்தை. ஆடைக்குள்ளே காணாமற் போகிறது! திரை.

இந்த நாடகத்தில் வில்லன் யார்? வெயிலில் நின்று விற்கும் வியாபாரியா? அல்ல. அவன் சொன்னதில் உண்மை உண்டு. மேடைக்கே வராத ஒருவன் இருக்கிறான். ஆடையின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான். நூலிலே அவன், துணியிலே அவன், தைத்த ஆடையிலும் அவன்! அவன் பெயர் வரி.

2017 சூலை 1 அன்று வந்தது சரக்கு மற்றும் சேவை வரி. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. பெரியவர் ஆடை, பிள்ளை ஆடை என்ற பேதம் அதற்கு இல்லை. “ஆகா, என்னே சமத்துவம்!” என்று மெச்சத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். என்றாலும் இந்தக் கணக்கிற்குப் பட்டம் தேவையில்லை. நானூறு ரூபாய்க்கு நான் ஒரு சட்டை வாங்கினால் வரி 20 ரூபாய். மூன்றாண்டு உடுத்துவேன். நானூறு ரூபாய்க்குக் குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கினாலும் வரி அதே 20 ரூபாய். ஆனால் ஆறே மாதத்தில் அது முழங்காலுக்கு மேல் ஏறிவிடும். மூன்றாண்டில் ஆறு கவுன். வரி 120 ரூபாய்! வளராத எனக்கு 20. வளரும் குழந்தைக்கு 120. இது துணிமீது போட்ட வரியா, வளர்ச்சிமீது போட்ட வரியா?

வரியில்லாப் பொருள்களின் பட்டியலும் ஒன்று உண்டு. தேசியக் கொடிக்கு வரியில்லை, நன்று. காந்திக் குல்லாய்க்கு வரியில்லை, அதுவும் இருக்கட்டும். கொடிக்கு விலக்குண்டு, அந்தக் கொடியின் கீழே நின்று, பிஞ்சுக் கையை நெற்றிக்கு உயர்த்தி வணங்கும் குழந்தையின் சட்டைக்கு விலக்கில்லையாம்! குல்லாய் அணியும் தலைக்குக் காட்டிய கருணையைக் குளிரில் நடுங்கும் மேனிக்குக் காட்டக் கூடாதா?

“நடக்கிற காரியமா?” என்பார் நாற்காலி மனிதர். நடக்கிறதே, ஐயா! பிரிட்டனில் 1973 முதல் சிறுவர் ஆடைக்கும் காலணிக்கும் விற்பனை வரி சுழியம். பதினான்கு வயதுக்குட்பட்டோர்க்கான ஆடையென்றால் வரி இல்லை.

இன்னொன்று கேளுங்கள், நெஞ்சு கொதிக்கும். திருப்பூரிலே ஒரே மேசையில் தைத்த இரண்டு பனியன்கள். ஒன்று கப்பலேறி இலண்டன் செல்கிறது. ஏற்றுமதியாதலால் இங்கே வரியில்லை. நூலுக்கும் துணிக்கும் கட்டியதுகூடத் திருப்பித் தரப்படும். குழந்தையாடையாதலால் அங்கேயும் விற்பனை வரியில்லை. மற்றொன்று திருபுவனைக்கு வருகிறது. அதற்கு உண்டு வரி! தமிழன் நெய்து தமிழன் தைத்ததை, வெள்ளைக்காரப் பிள்ளை வரியின்றி உடுத்துகிறது. தமிழ்ப் பிள்ளை வரி கட்டி உடுத்துகிறது. இது எந்த ஊர் நியாயம்?

உடனே உபதேசிகள் கிளம்புவர். “சிக்கனமாக வாழக் கூடாதா? மலிவாகத் தேடக் கூடாதா?” என்பர். யாருக்கு உபதேசம்? அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டியவள் எங்கள் தாய். பாவாடையின் அடியில் நான்கு விரல் மடித்துத் தைத்து, ஆண்டுக்கொரு விரலாகப் பிரித்து விட்டவள் எங்கள் தாய். பழஞ்சேலையைத் தூளியாக்கி, தூளி கிழிந்தபின் துண்டுகளைச் சட்டையாக்கியவளும் அவளே! சிக்கனம் அவள் திறமை. அந்தத் திறமையைக் காட்டி, அரசு தன் கடமையை மறைக்கக் கூடாது என்பதே நம் வாதம்.

அதுவும் எந்த மண்ணில்? நீலத் துணி நெய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய மண்ணில்! 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை, ஏ.எப்.டி. என்ற பெயரோடு, 2020-இல் மூடப்பட்டது. 1936 சூலை 30 அன்று, சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்குப் பலியாயினர். எட்டுமணி வேலை உரிமை அவர்கள் குருதியில் மலர்ந்தது. திருபுவனையிலேயே கூட்டுறவு நூற்பாலை எழுந்தது. நூல் நூற்ற ஊரின் பிள்ளைக்கு, நல்லாடை எட்டாக் கனியா?

எனவே நாம் கேட்பது தெளிவானது. வரி மன்றத்திலே புதுவைக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் அமர்பவர் எழுந்து பேசட்டும்: “பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆடைக்குச் சுழிய வரி!” வெறும் விலக்கு போதாது, விலக்கு மட்டும் தந்தால் நூலுக்கும் துணிக்கும் கட்டிய வரி மீண்டும் விலையிலேயே வந்து அமரும். ஏற்றுமதிக்குத் தருவதுபோல் அதையும் திருப்பித் தர வேண்டும். அரசுப் பள்ளிச் சீருடை, பள்ளி திறக்கும் முதல்நாளே பிள்ளையின் கைக்கு வர வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? வேண்டாம். நமது படிப்பகம் ஒவ்வொன்றிலும் ஓர் அலமாரி வையுங்கள். சிறுத்துப்போன நல்ல ஆடைகளைத் துவைத்து, மடித்து, அளவெழுதி அடுக்குங்கள். கொடுப்பவர் பெயர் வேண்டாம். எடுப்பவர் பெயரும் வேண்டாம். இது பிச்சையன்று, பரிமாற்றம். அண்ணன் சட்டை தம்பிக்கு வந்ததில் இழிவில்லையே. ஊரே ஒரு வீடானால் மட்டும் இழிவு எங்கிருந்து வரும்?

ஆனால் அலமாரி நிறைந்தபின் போராட்டத்தை மறந்துவிடாதீர்! பிள்ளைகள் வளர்கிறார்கள், நண்பரே. அவர்கள் வளர்ந்தால் நாம் மகிழ வேண்டும். மடிப்பில் இன்னும் எத்தனை விரல் மிச்சம் என்று தாய் எண்ணிப் பார்க்கும் நிலை ஒழிய வேண்டும்!