சொந்தத் தோட்டத்துச் சந்தன மரத்தை வெட்டினால் வழக்கா? சட்டம் என்ன சொல்கிறது?

சூலூர் பக்கம் தோட்டத்து வேலியோரம் பறவை போட்ட விதையில் சந்தன மரம் ஒன்று முளைத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்ம பட்டா நிலம்தானே, நாமே வெட்டி வித்தா என்ன?

அங்கதான் சிக்கல். 2002-க்கு முன்பு, பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தன மரம் அரசுக்குத்தான் சொந்தம். அந்த ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் திருத்தப்பட்டு, மரம் நில உரிமையாளருக்குச் சொந்தமானது. ஆனால் கோடாரி மட்டும் அவர் கைக்கு வரவில்லை! 2008-ல் வந்த விதிகளின்படி வனத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். வெட்டுவதும் விற்பதும் அவர்கள் வழியாகத்தான். பணம் பிறகு உரிமையாளருக்கு வரும். அனுமதி இல்லாமல் வெட்டினால், சொந்த மரத்துக்கே வழக்கு பாயும்.

திருடன் எந்த விண்ணப்பத்துக்கும் காத்திருப்பதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து, சேகு உள்ள அடிமரத்தை மட்டும் தூக்கிப் போய்விடுகிறான். "நமக்கெதுக்கு வம்பு" என்று புகார் கொடுக்காமல் விடுவதுதான் பெரிய தப்பு. நாளைக்கே கட்டை எங்காவது பிடிபட்டாலும், அது எந்தத் தோட்டத்து மரம் என்று நீதிமன்றத்தில் காட்ட புகாரும் மகஜரும் வேணும். மரம் இருப்பதை முன்கூட்டியே அடங்கலில் பதிந்து, போட்டோவும் எடுத்து வைத்திருந்தால் வக்கீலுக்கு வேலை சுலபம்.

இன்னொன்று, அறுபட்ட அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடாதீங்க. பிடிபட்ட கட்டையோடு பொருத்திப் பார்க்க அதுவும் ஒரு சாட்சி.