ஐந்து நட்சத்திரச் சாட்சிகள்

பண்டம் வாங்குவதிலே நம் முன்னோர் கைக்கொண்ட எச்சரிக்கை சாதாரணமானதன்று. மண்பானை வாங்கச் சென்ற தாய் அதை விரலால் தட்டி ஓசை கேட்டாள். நன்கு வெந்த பானையின் ஓசைக்கும் விரிசல் கண்ட பானையின் ஓசைக்கும் உள்ள வேறுபாட்டை அவள் செவி அறிந்திருந்தது. சேலையின் முந்தானையை ஈரக்கையால் கசக்கிச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். மாட்டுச் சந்தைக்குப் போன தந்தை பல்லைப் பிடித்துப் பார்த்தார், சுழி பார்த்தார், நடக்கவிட்டும் பார்த்தார். இவ்வளவுக்கும் பிறகு, அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் மடியிலிருந்த பணத்தை அவிழ்த்தார்கள். அந்த அயலாரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஏனெனில் அவர் பொய் சொல்லியிருந்தால், மறுநாள் காலையில் தாம் ஏமாற்றியவரின் முகத்தில் அதே கிணற்றடியில் விழிக்க வேண்டியிருந்தது.

இன்று நம் குடும்பங்களில் அரிசி முதல் ஆடை வரை, மருந்து முதல் மின்விசிறி வரை ஆன்லைன் வழியாகவே வந்து இறங்குகின்றன. இதைக் குறை கூறுவதற்கில்லை. கடைவீதிக்கு நடக்க இயலாத முதியோருக்கும், வேலைக்குச் சென்று இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்களுக்கும் இது பேருதவியே. ஆயினும், தட்டிப் பார்க்கவும் கசக்கிப் பார்க்கவும் இயலாத இந்தச் சந்தையிலே, நாம் எதை நம்பிப் பணம் கொடுக்கிறோம்? ‘ரிவ்யூ’ என்று பிள்ளைகள் சொல்லும் மதிப்புரைகளையும், அவற்றின் தலையிலே மின்னும் நட்சத்திரங்களையும் நம்பித்தான் கொடுக்கிறோம். அதாவது, முகமறியாத ஒருவரின் சாட்சியத்தை நம்பிக் கொடுக்கிறோம். அந்தச் சாட்சி மெய்ச்சாட்சியா, பொய்ச்சாட்சியா என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இலண்டன் மாநகரின் தென்பகுதியில் டல்லிச் என்னுமிடத்தில், ஒரு தோட்டத்துக் கொட்டகையிலே ஊபா பட்லர் என்னும் இளைஞர் குடியிருந்தார். அவர் ஒரு காலத்தில் உணவகங்களுக்காகப் பொய் மதிப்புரை எழுதிப் பிழைத்தவர். தாம் ஒருமுறையும் உண்டிராத உணவகத்தை வானளாவப் புகழ்ந்து எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பவுன் கூலி பெறுவார். சாப்பிடாத உணவையே புகழ முடியுமானால், இல்லாத உணவகத்தையே ஏன் புகழ முடியாது என்று அவருக்குத் தோன்றிற்று. 2017-ஆம் ஆண்டில் தமது கொட்டகையையே ‘தி ஷெட் அட் டல்லிச்’ என்ற பெயரில் ஓர் உணவகமாக டிரிப்அட்வைசர் என்னும் புகழ்பெற்ற தளத்தில் பதிவு செய்தார். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இடம் என்று அறிவித்தார். சவர நுரையையும் வண்ணப் பூச்சையும் கொண்டு உணவு போலத் தோன்றும்படி அமைத்துப் படம் எடுத்து வெளியிட்டார். பின்னர் நண்பர்களும் அறிந்தவர்களும் மதிப்புரைகளை எழுதிக் குவித்தனர்.

விளைவு என்ன தெரியுமா? முதலில் 18,149 என்ற கடைசி இடத்திலிருந்த அந்த ‘உணவகம்’, அதே ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் மாநகரின் முதல் இடத்துக்கு ஏறிவிட்டது! ஒரு பிடி சோறும் வடிக்காத அடுப்பு, உலகத் தலைநகரங்களுள் ஒன்றிலே தலைசிறந்த அடுப்பாயிற்று. இடம் கேட்டுத் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. இறுதியில் ஒரே ஓர் இரவு மட்டும் அவர் விருந்தினரை வரவழைத்து, கடையில் மலிவாக விற்கும் ஆயத்த உணவைச் சூடாக்கிப் பரிமாறினார். அதை உண்டவர்களுள் மீண்டும் வர இடம் கேட்டவர்களும் உண்டு என்பதுதான் வியப்பு. நட்சத்திரங்களை முன்னரே கண்டுவிட்ட கண், நாக்கையும் ஏமாற்றிவிடுகிறது போலும்!

பட்லர் இதனை ஊருக்கு ஒரு பாடமாகச் செய்து, தாமே வெளிப்படுத்தினார். ஆனால் இதையே பிழைப்பாகச் செய்வோர் தம்மை ஒருநாளும் வெளிப்படுத்துவதில்லை. அவர்கள் கையாளும் வழிகள் பல. பண்டத்தோடு ஒரு சிறு அட்டையை வைத்து, ஐந்து நட்சத்திரம் அளித்தால் நூறு ரூபாய் திரும்பத் தருவோம் என்று ஆசை காட்டுவது ஒன்று. நல்ல பெயர் பெற்ற பழைய பண்டத்தின் பக்கத்திலேயே வேறொரு மட்டமான பண்டத்தை ஏற்றி, பழைய புகழை அதற்குச் சூட்டுவது மற்றொன்று. கேட்காதவர் முகவரிக்கு அற்பமான பொருளொன்றை அனுப்பிவிட்டு, அவர் வாங்கியதாகவே கணக்குக் காட்டி, அவர் பெயரில் தாங்களே புகழுரை எழுதிக்கொள்வது மூன்றாவது. 2020-ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்க நாட்டில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சீனாவிலிருந்து கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. மக்கள் அஞ்சினர். அந்நாட்டு வேளாண்மைத் துறை ஆராய்ந்து, இது பெரும்பாலும் இத்தகைய மதிப்புரைத் தந்திரமாகவே தோன்றுகிறது என்று அறிவித்தது.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000:2022 என்னும் தரநிலையை வெளியிட்டது. எழுதியவர் மெய்யான நபர்தாமா என்று சரிபார்த்த பிறகே மதிப்புரையை வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் விருப்பமுள்ளோர் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது வெளியாயிற்று. அமெரிக்காவில் பொய் மதிப்புரையை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எனினும் வேலி எவ்வளவு உயர்ந்தாலும், பயிரைக் காக்க உழவன் விழித்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே மதிப்புரையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். ஐந்து நட்சத்திரப் புகழ்மாலைகளைக் கடந்து, இரண்டும் மூன்றும் நான்கும் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். நிறையும் குறையும் கலந்து பேசுபவரே பெரும்பாலும் பயன்படுத்திப் பார்த்தவர். ஓரிரு நாட்களுக்குள் ஒரே நடையில் பல புகழுரைகள் வந்திருந்தால் ஐயுறுங்கள். வாங்கியவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். விற்பவர் யார், திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பொருளை வாங்கிய உறவினரோ அயலாரோ இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய கிணற்றடிச் சாட்சிக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை.

இனி, பொருள் வீடு வந்து சேரும்போது நேரும் இடர்களைக் காண்போம். இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் பார்சல் வாசற்படியிலோ மதிற்சுவர்மேலோ வைக்கப்படுகிறது. மாலையில் வந்து பார்த்தால் காணவில்லை. கைப்பேசி வர வேண்டிய பெட்டியில் சோப்புக்கட்டி வந்த செய்திகளையும் படித்திருக்கிறோம். விலை மிகுந்த பொருளானால், கொண்டுவருபவர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையேல் திறப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். ஓ.டி.பி. என்னும் இரகசிய எண்ணைப் பொருள் கைக்கு வந்த பின்னரே சொல்லுங்கள். ஒன்று மறவாதீர்கள்: வெயிலிலும் மழையிலும் பொதி சுமந்து வரும் அந்தத் தம்பி, பெட்டிக்குள் இருப்பதை அறியாதவர். முறையீடு விற்பவரிடமும் நிறுவனத்திடமும் போக வேண்டும். அவர்மேல் நம் கோபம் பாய்வது நியாயமன்று.

வேறொரு வஞ்சகமும் பரவி வருகிறது. பகலிலே தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு பார்சல் வருகிறது. ‘உங்கள் பேரன் பெயருக்கு வந்திருக்கிறது, ஐந்நூறு ரூபாய் கொடுங்கள்’ என்கிறார்கள். பேரன் ஆசைப்பட்டு வரவழைத்திருப்பான் என்று எண்ணி, முதியோர் உதவித்தொகையில் சேமித்ததைப் பாட்டி எடுத்துக் கொடுக்கிறார். மாலையில் திறந்து பார்த்தால் பழந்துணி! பேரன் எதையும் கேட்கவேயில்லை. இதற்கு மருந்து மிக எளிது. வீட்டில் யார் எதை வரவழைத்தாலும், இரவு உணவின்போது எல்லாரிடமும் சொல்லிவிடுவது என்ற வழக்கத்தை ஏற்படுத்துங்கள். சொல்லாத பொருளுக்குப் பணம் இல்லை என்பது வீட்டின் சட்டமாகட்டும்.

தொலைபேசி வழியே வரும் தூண்டில்களும் உண்டு. முகவரி சரியில்லை, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்பார்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை அழுத்துங்கள் என்பார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகளெல்லாம் வஞ்சகனுக்குத் திரும்பிவிடும். திரும்பத் தர வேண்டிய பணத்தைப் பெற யு.பி.ஐ. இரகசிய எண்ணை இடுங்கள் என்பார்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. இவற்றுள் மிகக் கொடியது, ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது’ என்று காவல்துறை உடையில் திரையிலே தோன்றி மிரட்டுவதாகும். ‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தமது வானொலி உரையில் இதனை விளக்கி எச்சரித்தார்.

நம் பங்கிலே தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு தாய் இருக்கிறார். பொருளைத் திருப்பி அனுப்பிய பணம் வருகிறது என்று நம்பி, வந்த அழைப்புக்கு இணங்கி, மகள் படிப்புக்கென்று வைத்திருந்த பதினெட்டாயிரம் ரூபாயை ஒரு நிமிடத்தில் இழந்தார். உடனே முறையிட்டிருந்தால் ஒருவேளை அப்பணத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆறு நாட்கள் அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? ‘மகன் திட்டுவானே, சாமி’ என்றார். திருடன் எடுத்தது பணத்தை. அதைத் தேடிப் பிடிக்கும் வாய்ப்பை எடுத்தது வீட்டாரின் நாவைப் பற்றிய அச்சம்.

பிள்ளைகளே, உங்கள் பெற்றோர் ஏமாந்தால் ஏளனம் செய்யாதீர்கள். படித்தவர்களும் பெரிய பதவி வகித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். ‘பரவாயில்லை அம்மா, இப்போதே சொல்வோம்’ என்று கையைப் பற்றிக்கொண்டு, முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையக் குற்றங்களுக்கென அரசு அமைத்த எண் அது. பின்பு வங்கிக்கு அறிவியுங்கள். இங்கே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது. பொருளில் மோசடி என்றால், மின்வணிக நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கடமைப்பட்டவர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை.

இறுதியாக நம் இளைஞரிடம் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தபடியே நட்சத்திரம் போட்டால் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. வேலை தேடி அலுத்த பிள்ளைக்கு இது வரமாகத் தோன்றுகிறது. முதலில் சில நூறுகளைத் தவறாமல் தருகிறார்கள். நம்பிக்கை வேரூன்றியதும், பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டியது திரும்புவதில்லை. சிறுமீனைக் காட்டிப் பெருமீனைப் பிடிக்கும் தூண்டில் இது. ஆனால் ஒரு ரூபாயும் இழக்காமல் கூலி வாங்கி வந்தாலும், அந்த வேலை நேர்மையானதாகிவிடுமா? தான் தொட்டும் பார்க்காத மிக்சியைப் புகழ்ந்து எழுதுபவன், பார்த்திராத ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறான். மறைக்கல்வி வகுப்பில் பொய்ச்சாட்சி பற்றிக் கற்றபோது, நீதிமன்றக் கூண்டு மட்டுமே நம் மனக்கண்ணில் தோன்றியது. இன்று அக்கூண்டு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அந்தப் பொய்யை நம்பிப் பணத்தை இழப்பவர், அடுத்த தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு தாயாகவும் இருக்கலாம்.

எனவே, வாங்கிய பொருளைப் பற்றி எழுதுவதானால் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். நன்றாயிருந்தால் நன்று என்போம். குறையிருந்தால் வசைமொழியின்றிக் குறையைச் சொல்வோம். நூறு ரூபாய் அட்டை வந்தால் கிழித்தெறிவோம். பூட்டிய வீட்டு வாசலில் அயலாரின் பார்சல் கிடந்தால், எடுத்து வைத்திருந்து மாலையில் கொடுப்போம். தனித்திருக்கும் முதியோர் வீட்டில் 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசியருகே ஒட்டிக் கொடுப்போம். இம்மாதத்திற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முதியவருக்கேனும் இதைச் செய்யுமானால், நம் பங்கில் பல வீடுகளின் சேமிப்பு காக்கப்படும்.