அந்த பட்டன் யாருக்காக?

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா இரவு வேலை முடித்து வந்த கையோடு, ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டோம். கிங்ஸ்டன் தாண்டியதும் கார் மெல்ல ஓரத்துக்குப் போய், ரோட்டுக் கரையில் இருக்கும் வெட்டுகளில் ஏறி 'கடகட'வென்று அதிர்ந்தது. அப்பா திடுக்கிட்டுத் திருப்பினார். அம்மா ஒன்றும் பேசாமல் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "ஒண்டுமில்லை, படுங்கோ" என்றார் அப்பா. "நிப்பாட்டுங்கோ" என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.

சின்ன ஜெட் விமானங்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயணம்தான் ஞாபகம் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

'வெரி லைட் ஜெட்' என்று ஒரு விமான வகை இருக்கிறது. நாலு முதல் ஏழு பேர் வரை போகலாம். ஒரே ஒரு விமானி போதும். அந்த விமானி பெரும்பாலும் சம்பளத்துக்கு ஓட்டுபவர் இல்லை, விமானத்தை வாங்கியவரே. தொழிலதிபர், டொக்டர், சொப்ட்வெயார் கொம்பனி வைத்திருப்பவர் என்று, வேறு ஒரு துறையில் வென்ற ஆள்.

இந்தக் கனவைப் பெரிதாக விற்ற முதல் ஆள் வேர்ன் ராபர்ன். மைக்ரோசொப்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவர். 1998இல் எக்லிப்ஸ் ஏவியேஷன் என்ற கொம்பனியைத் தொடங்கினார். கணினி மலிந்தது போல ஜெட்டும் மலியும், ஆயிரக்கணக்கில் செய்தால் விலை இறங்கும் என்பது அவர் கணக்கு. எக்லிப்ஸ் 500க்கு ஆரம்ப காலத்தில் சொன்ன விலைகளில் ஒன்று 837,500 டொலர். ஒரு ஜெட்டுக்கு அது நம்பமுடியாத விலை.

நடந்தது வேறு. 2002இல் முதல் தடவை பறந்த பிறகு, அந்த எஞ்சின் சரிவராது என்று முழுதாக மாற்றினார்கள். 2006இல் அமெரிக்க அரசின் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் முதலில் கொடுத்த விமானங்களில் கருவிகளின் சில வசதிகள் முடிந்திருக்கவில்லை, பிறகு செய்து தருவோம் என்றார்கள். 2008 ஜூனில் சிகாகோ மிட்வே விமான நிலையத்தில் ஓர் எக்லிப்ஸ் இறங்க வந்தபோது, இரண்டு எஞ்சின்களும் உச்ச வேகத்திலேயே சிக்கிக்கொண்டன. விமானி மறுபடி மேலே ஏற்றி, ஓர் எஞ்சினை அணைத்து, எப்படியோ உயிர்ச்சேதம் இல்லாமல் இறக்கினார். அதற்குள் விலை 20 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. அந்த வருட முடிவில் கொம்பனி திவாலானது. அதுவரை கொடுத்த விமானங்கள் சுமார் 260தான்.

"இப்ப விடுவம், பிறகு திருத்துவம்" என்பது எங்கள் ஐடி உலகத்தின் தினசரி வசனம். அது ஜெட்டுக்குப் பொருந்தாது என்பது எல்லோரும் சொல்லும் பாடம், சரியான பாடமும் கூட. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எக்லிப்ஸ் விமானிகளுக்குக் கடுமையான பயிற்சித் திட்டம் வைத்திருந்தது உண்மை. ஆனாலும் அவர்கள் உலகத்திடம் முதலில் கேட்ட கேள்வி "எவ்வளவு மலிவாகச் செய்யலாம்?" என்பதுதான். மினசோட்டாவில் டுலூத் நகரத்தில் இருக்கும் சிரஸ் கொம்பனி வேறு கேள்வியோடு தொடங்கியது: "ஓட்டுகிறவர் பிழை விட்டால் என்ன செய்வது?"

சிரஸைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான அலன் கிளாப்மையர், 1980களில் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதியவர். அவர் தப்பினார், மற்ற விமானி இறந்தார். அதன் பிறகுதான் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பரசூட் அவர்களுடைய விமானங்களில் வந்தது. கூரையில் ஒரு கைபிடி. இழுத்தால் ரொக்கெட் ஒன்று பரசூட்டை வெளியே இழுத்துப்போகும்.

இனி நான் சொல்வதைக் கவனியுங்கள். பரசூட் வந்த ஆரம்ப வருடங்களில், எதிர்பார்த்த அளவுக்கு மரணங்கள் குறையவில்லை. கைபிடி தலைக்கு மேலேயே இருந்தும் பலர் அதை இழுக்காமல் இறந்தார்கள். "நான் சமாளிப்பேன்" என்ற எண்ணம், விமானம் பழுதாகிவிடுமே என்ற கவலை, மற்ற விமானிகள் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம். பிறகு பயிற்சியை மாற்றினார்கள். சந்தேகம் வந்தால் உடனே இழு, இழுத்தவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். மரணங்கள் குறைந்தன. இன்றைக்கு அந்தப் பரசூட்டால் உயிர் தப்பியவர்கள் 200க்கும் மேல்.

அதே கொம்பனியின் விஷன் ஜெட் 2016இல் சான்றிதழ் பெற்றது. ஒரே எஞ்சின், V வடிவ வால், மணிக்கு 550 கிலோமீற்றர் அளவு வேகம். மற்ற ஜெட்களோடு ஒப்பிட்டால் மெதுவானது. ஆனால் பரசூட் உண்டு. 2020இல் இன்னொன்று சேர்த்தார்கள்: ஒரு பட்டன். அழுத்தினால் விமானம் தானே காலநிலை, எரிபொருள் பார்த்து விமான நிலையத்தைத் தெரிவு செய்து, ரேடியோவில் அறிவித்து, இறங்கி, நின்று, எஞ்சினையும் அணைக்கும். அந்த பட்டன் பின்னால் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆனால் அவர்கள் அழுத்தலாம்.

"இப்படி எல்லாம் வைத்தால் விமானிகள் அலட்சியமாகிவிடுவார்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் இந்த பட்டன்கள் வருவதற்கு முன்பே அலட்சியம் இருந்தது. V வால் வைத்த பீச்கிராஃப்ட் பொனான்சாவுக்கு அந்தக் காலத்தில் 'டொக்டர்களைக் கொல்லும் விமானம்' என்று பட்டப்பெயர். காரணம் விமானத்தில் மட்டும் இல்லை. தன் துறையில் கெட்டிக்காரராக இருந்தவர், ஆகாயத்திலும் தான் கெட்டிக்காரர்தான் என்று நினைத்தார். அவரைத் தடுக்க ஆளில்லை.

டொக்டர், இஞ்சினியர் என்று வளர்க்கப்பட்ட எங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த ஆள். நானும் அந்த ஆள்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு புரொஜெக்டில், பிழை இருக்கிறது என்று தெரிந்தும் வெள்ளிக்கிழமை "ஓகே" சொன்னேன். ஏலாது என்று சொல்ல வெட்கம். அந்தச் சனி ஞாயிறு பத்துப் பேர் என்னால் நித்திரை கொள்ளவில்லை. ஆகாயமாக இருந்திருந்தால் கதை வேறு.

உங்களில் பலர் இப்போது இஞ்சினியரிங் படிக்கிறீர்கள். நீங்கள் எதைச் செய்தாலும், பாவிக்கிறவர் பிழை விடுவார் என்று எடுத்துக்கொண்டு செய்யுங்கள். அதோடு, உங்களை நிப்பாட்டும் உரிமையை உங்களைவிடச் சின்னவர் ஒருவருக்குக் கொடுங்கள். கொடுத்தால் மட்டும் போதாது. அவர் அதைப் பாவிக்கும்போது கோபிக்காமல் இருக்கவும் பழகவேண்டும், சிரஸ் விமானிகள் பழகியது போல.

போன மாதம் அதே 401இல் நான் ஓட்டிக்கொண்டு போனேன். பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் மூண்டு தரம் கொட்டாவி விட்டிட்டீங்கள்."

"ஒண்டுமில்லை" என்று வாய்வரை வந்தது. அடுத்த எக்ஸிற்றில் இறங்கி அரை மணித்தியாலம் படுத்தேன்.