பியானோவும் விரற்பயிற்சியும்

பியானோ பயிலத் தொடங்குவோருட் பலர் முதலில் வெறுப்பது விரற்பயிற்சியையே. இனிய பாட்டை விரும்பி வந்தார்க்கு ஏறியும் இறங்கியும் வரும் வெற்றுச் சுரங்கள் எற்றுக்கு என வினவுவர். சலிப்பு மிக்கு இசையையே கைவிடுவாரும் உளர். ஆதலின் இவ்வினாவை ஆராய்தல் வேண்டும்.

கையின் இயல்பை முதற்கண் நோக்குவோம். ஐந்து விரல்களும் ஒத்த வன்மையுடையன அல்ல. மோதிர விரலின் தசைநாண் அண்டை விரல்களின் நாண்களோடு பிணைந்திருத்தலின், அவ்விரல் தனித்தெழ வல்லதன்று. பியானோவோ மெல்லத் தொட்டால் மெல்லவும், விரைந்து அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கும் கருவி. எனவே விரல்களின் ஏற்றத்தாழ்வு ஓசையில் வெளிப்பட்டே தீரும். மேலும், ஸி மேஜர் சுரவரிசையை வலக்கையால் ஏறி வாசிக்குங்கால், பெருவிரல் நடுவிரலின் கீழாக நுழைந்து நான்காம் சுரத்தைத் தொடல் வேண்டும். அவ்விடத்தே ஓசை இடறாதிருத்தல் பன்னாட் பழக்கத்தாலன்றி அமையாது.

மேதையரும் இதற்கு விலக்கல்லர். பீத்தோவனின் மாணவராகிய செர்னியிடம் பயின்று, இளமையிலேயே புகழெய்தியவர் லிஸ்ட். அவர் 1832இல், தம் இருபதாம் அகவையில், நாடோறும் நான்கைந்து மணி நேரம் பயிற்சிகளில் ஈடுபடுவதாக நண்பர்க்கு எழுதினார்.

எனினும் அளவு கடந்த பயிற்சி தீங்கு பயக்கும். ஷூமானின் வலக்கை விரல் கெட்டு, அவர் மேடையில் வாசிக்கும் எண்ணத்தை விடுத்தமைக்கு, விரலை வலுப்படுத்தக் கையாண்ட கருவியே காரணம் என்பார் பலர். ஹானோன் 1873இல் வெளியிட்ட நூலில் 60 பயிற்சிகள் உள. அவற்றை நாடோறும் ஓட்டி முடிப்பதே கடன் என்று கருதி, செவியை உறங்கவிட்டு விரலை மட்டும் ஓட்டுவார்க்குப் பயன் சிறிதே.

செவ்விய நெறியை ஷோப்பான் காட்டியுள்ளார். 1833இல் வெளிவந்த அவருடைய பன்னிரு பயிற்சிகளுள் இரண்டாவது, வலக்கையின் வலிகுன்றிய விரல்களையே இடையறாது தொழிற்படுத்துவது. ஆயினும் அது கேட்டற்கினிய இசையாகவும் நிற்கின்றது. பயிற்சியும் இசையும் பகைப்பொருள்கள் அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, பயிலும் பாட்டில் விரல் இடறும் இடத்தைக் கண்டு, அதற்கேற்ற பயிற்சியைச் சிறிது நேரம் மெல்ல வாசித்து, ஒவ்வோர் ஒலியையும் செவியால் அளந்து பழகுதலே தக்கது என்பது எம் கருத்து. நன்னூற் சூத்திரங்களை நெட்டுருச் செய்தார் அனைவரும் புலவராகார். இலக்கணத்தை இகழ்ந்தார் பிழையற எழுதவும் மாட்டார். விரற்பயிற்சியும் அத்தன்மைத்தே என்று யாம் துணிகின்றோம்.